குழு அமைக்கிறீர்களா? கோல் கம்பத்திலிருந்து தொடங்குங்கள்

உங்கள் முன்னால் பதினைந்து மாணவர்கள் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு முன் அவர்கள் ஒன்றாக ஆடியதே இல்லை. மாவட்ட அளவிலான காற்பந்துப் போட்டிக்கு இன்னும் எட்டு வாரம்தான் இருக்கிறது. பதினொரு இடங்களை நிரப்ப வேண்டும். எந்த இடத்தை முதலில் நிரப்புவீர்கள்?

நம் பள்ளித் திடல்களில் இந்தக் கேள்விக்கு எழுதப்படாத விடை ஒன்று உண்டு. யார் வேகமாக ஓடுகிறான், யார் பலமாக உதைக்கிறான் என்று பார்ப்போம். அவன் முன்வரிசைக்குப் போவான். அவனுடைய கூட்டாளிகள் இருவர் மத்தியத் திடலுக்கு. உயரமானவன் தற்காப்புக்கு. கடைசியில் ஒருவன் மிஞ்சுவான்: ஓட முடியாதவன், உடல் கொஞ்சம் கனத்தவன், அல்லது எதிர்த்துப் பேசத் தெரியாதவன். "நீ போய் கோலில் நில்லுடா" என்று அவனை அனுப்பிவிடுவோம். முதல் ஆட்டத்தில் நான்கு கோல் வாங்கினால் பழியும் அவனுக்குத்தான்.

இந்த வரிசை தலைகீழானது என்பது என் கருத்து. கோல் காவலர் முதலில். நடுத் தற்காப்பில் ஆடும் இருவர் அடுத்து. அவர்களுக்கு நேர் முன்னால் நிற்கும் மத்தியத் திடல் ஆட்டக்காரர் மூன்றாவது. கோல் அடிப்பவரைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம். பகலில் அறிவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு மாலையில் புறப்பாட நடவடிக்கைக்காகத் திடலில் நிற்பவன் நான். பெரிய பயிற்றுநர் உரிமம் எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் இந்தக் கருத்தை வாதிட இடைநிலைப்பள்ளி அறிவியலும் கணிதமுமே போதும்.

ஒரு விளக்கு அணைந்தால்

தொடர் மின்சுற்று, இணை மின்சுற்று இரண்டையும் தொடக்கப்பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். தொடர் மின்சுற்றில் மூன்று விளக்குகள் ஒரே பாதையில் இருக்கும். ஒன்று பழுதானால் மூன்றும் அணைந்துவிடும். இணை மின்சுற்றில் ஒவ்வொரு விளக்குக்கும் தனிப் பாதை. ஒன்று அணைந்தாலும் மற்றவை எரியும்.

காற்பந்துக் குழுவின் முன்பகுதி இணை மின்சுற்று போன்றது. முன்னால் மூன்று பேர் ஆடுகிறார்கள். அன்று ஒருவனுக்குக் கால் சரியாக அமையவில்லை. பந்தைத் தொட்டாலே வெளியே போகிறது. பரவாயில்லை, இன்னொருவன் ஒரு கோல் அடித்தால் போதும். ஒன்பது வாய்ப்புகளை வீணாக்கிப் பத்தாவதை உள்ளே தள்ளியவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறோம். தாக்குதலில் கணக்கில் வருவது குழுவின் மிகச் சிறந்த ஒரு தருணம்.

பின்பகுதி தொடர் மின்சுற்று. நான்கு தற்காப்பு ஆட்டக்காரர்கள் ஒரே வரிசையாக முன்னேறி எதிரணியை ஆஃப்சைடில் சிக்க வைக்கப் பார்க்கிறார்கள். மூவர் சரியாக முன்னேறினார்கள். நான்காமவன் ஓர் அடி பின்தங்கிவிட்டான். அவ்வளவுதான், எதிரணி ஆட்டக்காரர் ஆஃப்சைடு இல்லை, மூவரின் சரியான வேலையும் வீண். ஏரிக்கரை நெடுகிலும் பலமாக இருந்து ஓரிடத்தில் மட்டும் உடைந்தால் தண்ணீர் அந்த ஓரிடத்தில்தான் வெளியேறும். ஒன்பது பந்துகளைப் பிடித்துப் பத்தாவதை நழுவவிட்ட கோல் காவலரை யாரும் தோளில் தூக்குவதில்லை. தற்காப்பில் கணக்கில் வருவது குழுவின் மிக மோசமான ஒரு தருணம்.

ஆகவே ஓர் இடத்தின் முக்கியத்துவத்தை அளக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. அந்த இடத்தில் நிற்பவன் தவறு செய்தால், அதைச் சரிசெய்ய அவனுக்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள்? முன்வரிசை ஆட்டக்காரன் பந்தை இழந்தால் அவனுக்குப் பின்னால் பத்துப் பேர், கூடவே ஏறக்குறைய திடலின் முழு நீளமும் இருக்கிறது. மத்தியத் திடலில் பந்தை இழந்தால் ஐந்தாறு பேர். நடுத் தற்காப்பில் இழந்தால் ஒருவர். கோல் காவலர் இழந்தால் வலைதான். எண்ணிக்கை குறையக் குறைய, அங்கே நம்பத்தக்க ஒருவனை நிறுத்த வேண்டிய தேவை கூடுகிறது. நான் "திறமையான" என்று சொல்லவில்லை, கவனியுங்கள். "நம்பத்தக்க" என்றேன். இரண்டும் ஒன்றல்ல.

உலகம் இதற்கு நேர்மாறாகத்தான் பரிசு கொடுக்கிறது. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டோர் விருது 1956 முதல் வழங்கப்படுகிறது. ஆண்கள் பிரிவில் இதுவரை அதை வென்ற ஒரே கோல் காவலர் சோவியத் யூனியனின் லெவ் யாஷின், அதுவும் 1963இல். விலையும் அப்படியே. 2017இல் நெய்மாருக்கு பாரிஸ் குழு கொடுத்தது 222 மில்லியன் யூரோ. மறு ஆண்டு செல்சி, கெப்பா அரிசபலாகாவுக்குக் கொடுத்த 80 மில்லியன் யூரோ கோல் காவலர்களுக்கான சாதனை விலையானது. (கெப்பா இரண்டே ஆண்டில் தன் இடத்தை எடுவார் மெண்டியிடம் இழந்தார், அதைவிட மிகக் குறைந்த விலைக்கு வந்த மெண்டியோடு செல்சி 2021இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. பின்பகுதிக்கு முன்னுரிமை என்றால் கண்ணை மூடிக்கொண்டு பணத்தைக் கொட்டுவது என்று பொருள் அல்ல.)

பறப்பது அல்ல, நிற்பது

"நல்ல கோல் காவலன் பிறப்பால் வருகிறவன் சார், நம் பள்ளிக்கு எங்கே கிடைப்பான்?" என்று கேட்பவர்கள் உண்டு. தொலைக்காட்சியில் நாம் ரசிப்பது பாய்ந்து பறந்து தடுக்கும் காட்சிகளை. அதனால் இந்த எண்ணம் வருகிறது. கொஞ்சம் இயற்பியல் பார்ப்போம்.

பெனால்டி புள்ளியிலிருந்து கோல் கோட்டுக்கு 11 மீட்டர். பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர், கோட்டைத் தொட 0.4 வினாடி ஆகும். கண் பார்த்து மூளை முடிவெடுத்துத் தசை அசையத் தொடங்குவதற்கே 0.2 வினாடி போய்விடுகிறது. மிச்சம் 0.2 வினாடி. கோலின் அகலமோ 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். அந்த 0.2 வினாடிக்குள் மூலைக்குப் பாய்ந்து சேர முடியாது. அதனால்தான் பெனால்டியில் உலகத் தரமான காவலர்களும் பந்து உதைபடுவதற்குச் சற்று முன்பே ஒரு பக்கத்தை ஊகித்துப் பாய்கிறார்கள். எதிர்வினை வேகத்தை எவ்வளவு கூர்மையாக்கினாலும் கிடைக்கும் இலாபம் சொற்பம்.

இப்போது இன்னொரு சூழ்நிலை. எதிரணி ஆட்டக்காரன் தனியாகப் பந்தோடு வருகிறான். அதே 11 மீட்டர் தூரத்தில் இருக்கிறான். காவலன் கோட்டிலேயே நின்றால் 7.32 மீட்டர் அகலத்தைக் காக்க வேண்டும். பந்துக்கும் கோலுக்கும் சரிபாதித் தொலைவில், அதாவது 5.5 மீட்டர் முன்னால் வந்து நின்றால்? ஒத்த முக்கோணங்களை நினைவுகூருங்கள். பந்திலிருந்து இரண்டு கம்பங்களுக்கும் கோடு இழுத்தால், பாதி தூரத்தில் அவற்றின் இடைவெளியும் பாதிதான்: 3.66 மீட்டர். ஒரு துளியும் பறக்காமல், ஐந்தாறு எட்டு முன்னால் வந்ததிலேயே பாதி கோல் அடைபட்டுவிட்டது. தலைக்கு மேல் தூக்கிப் போடும் ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பதினான்கு வயதில், ஓடிக்கொண்டே, அதைத் துல்லியமாகச் செய்யக்கூடியவர்கள் மிகக் குறைவு.

எப்போது முன்னால் வர வேண்டும், எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும், எப்போது "விடு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கத்த வேண்டும் என்பவை எல்லாம் சொல்லிக்கொடுக்கக் கூடியவை. ஒரு கயிற்றைப் பந்திலிருந்து இரண்டு கம்பங்களுக்கும் கட்டி, நடுவில் மாணவனை நிற்கவைத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் அவனுக்குப் புரிந்துவிடும். கணித ஆசிரியருக்கும் ஒரு பாடம் மிச்சம்.

நம் நாட்டுக்கு இது தெரியாத கதை அல்ல. 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற குழுவை நினைத்துப் பாருங்கள். புறக்கணிப்பு காரணமாக நாம் மாஸ்கோவுக்குப் போகவில்லை. ஆனால் ஹசான் சானி பந்தைக் கொடுக்க ஜேம்ஸ் வோங் அடித்த வெற்றி கோலை இன்றும் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் குழுவின் பின்பகுதியில் நின்றவர்கள் யார்? நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கிய ஆர். ஆறுமுகம் கோல் கம்பத்தின் கீழ். அவருக்கு முன்னால் 'தவுக்கே' சோ சின் ஆன், சந்தோக் சிங். எழுபதுகள் முழுவதும் பயிற்றுநர்கள் வந்தார்கள், போனார்கள். முன்வரிசையில் ஆட்கள் மாறினார்கள். சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் அங்கேயே நின்றார்கள். 2016இல் 'ஓலா போலா' திரைப்படத்தில் முத்து என்ற கோல் காவலரைப் பார்த்து நம் பிள்ளைகள் ஒரு மாதம் கையுறை கேட்டார்கள். பிறகு வழக்கம்போல எல்லாரும் முன்வரிசைக்குத் திரும்பிவிட்டார்கள்.

தடுத்த கோலின் மதிப்பு

"கோல் அடிக்காமல் எப்படி ஜெயிப்பது?" இதுதான் எனக்கு வழக்கமாக வரும் எதிர்வாதம். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

பெரிய லீக்குகளில் ஓர் ஆட்டத்துக்கு விழும் கோல்கள் சராசரியாக 2.7 அளவில் இருக்கும். ஒரு குழுவுக்கு 1.4 என்று வைத்துக்கொள்வோம். கோல் போன்று அரிதாகவும் ஒன்றையொன்று அதிகம் சாராமலும் நடக்கும் நிகழ்வுகளைக் கணிக்க, பிரெஞ்சுக் கணித அறிஞர் புவாசோன் பெயரால் வழங்கும் நிகழ்தகவுச் சூத்திரம் ஓரளவு நன்றாகவே பொருந்துகிறது. அதன்படி, சராசரி 1.4 உள்ள ஒரு குழு, ஓர் ஆட்டத்தில் ஒரு கோலும் அடிக்காமல் போவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 25 விழுக்காடு. நான்கில் ஓர் ஆட்டம்!

சம பலமுள்ள எதிரணியோடு மோதுகிறீர்கள். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1. உங்கள் குழு சரியாக ஒரு கோல் அடிக்கும் நாள்களில் சராசரியாகக் கிடைப்பது 1.1 புள்ளி. இரண்டு கோல் அடித்தால் 2 புள்ளி. கோலே வாங்காத நாள்களில்? 2.5 புள்ளி. இரண்டு கோல் அடிப்பதைவிட ஒரு கோலும் வாங்காமல் இருப்பது மேல்.

இது கொஞ்சம் வசதியான ஒப்பீடு என்று கணிதம் தெரிந்தவர்கள் சொல்லலாம். சரி, இன்னும் நேர்மையாகப் பார்ப்போம். குழு அமைப்பவருக்கு இரண்டு வழிகள். ஒன்று, அடிக்கும் சராசரியை 1.4இலிருந்து 1.8 ஆக உயர்த்துவது. மற்றொன்று, வாங்கும் சராசரியை 1.4இலிருந்து 1.0 ஆகக் குறைப்பது. இரண்டிலும் மாற்றம் அதே 0.4தான். முதல் வழியில் ஆட்டத்துக்கு 1.64 புள்ளி கிடைக்கிறது, இரண்டாவதில் 1.65. ஏறக்குறைய சமம்! தோற்கும் வாய்ப்பு மட்டும் முதல் வழியில் 30 விழுக்காடு, இரண்டாவதில் 27.

அப்படியானால் தடுத்த கோல் ஏதோ மாயம் செய்கிறது என்று நான் சொல்ல முடியாது. அடித்த கோலுக்கு அது சமம், ஒரு நூலிழை கூடுதல், அவ்வளவே. என் வாதம் வேறு. ஒரே மதிப்புள்ள இரண்டு பொருள்கள் சந்தையில் இருக்கின்றன. ஒன்றின் விலை மிக அதிகம், மற்றொன்று மலிவு. நாம் ஏன் எப்போதும் விலை அதிகமானதையே தேடி ஓடுகிறோம்? கோல் அடிக்கும் திறமை அரிது, அதை எட்டு வாரத்தில் உருவாக்க முடியாது. இடம் பார்த்து நிற்பது, பக்கத்தில் இருப்பவனோடு பேசுவது, ஆபத்தான பந்தை யோசிக்காமல் வெளியே உதைப்பது, இவற்றை உருவாக்கலாம்.

பெரிய குழுக்களிலும் இது நடந்திருக்கிறது. லிவர்பூல் 2017-18 பருவத்தில் லீக்கில் 84 கோல் அடித்து 38 வாங்கியது. 75 புள்ளியோடு நான்காம் இடம். அந்தப் பருவத்தின் நடுவில், 2018 ஜனவரியில், நடுத் தற்காப்புக்கு வெர்ஜில் வான் டைக் வந்தார். மே மாதம் ஐரோப்பிய இறுதி ஆட்டத்தில் கோல் காவலர் கரியஸின் தவறுகளால் ரியல் மட்ரிடிடம் 3-1 என்று தோற்றார்கள். அடுத்து காவலராக அலிசன் பெக்கர் வந்தார். 2018-19இல் அவர்கள் அடித்தது 89 கோல். முந்தைய பருவத்தைவிட ஐந்துதான் அதிகம். வாங்கியது 22. புள்ளிகள் 97! மென்செஸ்டர் சிட்டி 98 எடுத்ததால் லீக் கிண்ணம் ஒரு புள்ளியில் தவறியது; ஆனால் ஐரோப்பியக் கிண்ணம் கிடைத்தது. முன்வரிசையில் சாலா, மானே, ஃபிர்மினோ மூவரும் இரண்டு பருவங்களிலும் அவர்களேதான்.

மத்தியத் திடலுக்கு எங்கோலோ கான்டேயைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2014-15இல் லெஸ்டர் சிட்டி 41 புள்ளியோடு தப்பிப் பிழைத்தது. கான்டே வந்தார், 2015-16இல் 81 புள்ளி, வெற்றியாளர். அவர் செல்சிக்குப் போனார். லெஸ்டர் 2016-17இல் 44 புள்ளியோடு 12ஆம் இடத்துக்கு இறங்கியது, வாங்கிய கோல்கள் 36இலிருந்து 63 ஆகின. பத்தாம் இடத்தில் கிடந்த செல்சி அதே ஆண்டு 93 புள்ளியோடு வென்றது. கோல் அடிப்பது கான்டேயின் வேலையே அல்ல.

என் மாணவர்கள் இந்த இடத்தில் கையைத் தூக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பேன். தற்சார்பு மாறி ஒன்றுதானா? கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் எங்கே? செல்சிக்கு அதே ஆண்டு கொன்தே என்ற புதிய பயிற்றுநர் வந்தார். ஐரோப்பியப் போட்டிகள் இல்லாததால் ஆட்டக்காரர்களுக்கு ஓய்வும் கிடைத்தது. லெஸ்டருக்கோ ஐரோப்பியப் போட்டிகளின் கூடுதல் சுமை. ஆகவே எல்லாப் பெருமையையும் ஒருவர் தலையில் ஏற்ற முடியாது. ஆனாலும் இரண்டு குழுக்களிலும், போனபோதும் வந்தபோதும், எதிர் எதிர்த் திசைகளில் அதே மாற்றம் தெரிவதை ஒதுக்கிவிடவும் முடியாது.

பதினோராவது ஆள்

முதுகெலும்பு அமைந்துவிட்டது. மிச்ச நேரத்தை யாருக்குச் செலவழிப்பது? நாம் பெரும்பாலும் இருப்பவர்களில் சிறந்தவனை இன்னும் மெருகேற்றுவோம். நான் குழுவின் பதினோராவது ஆளுக்குக் கொடுக்கச் சொல்கிறேன்.

ஐந்து பாஸ்களில் பந்தை முன்னால் கொண்டுபோக வேண்டும். நான்கு பேர் பத்தில் ஒன்பது முறை சரியாகக் கொடுப்பவர்கள். ஒருவன் மட்டும் பத்தில் ஐந்து. ஐந்தும் வெற்றிகரமாக முடியும் வாய்ப்பு 0.9 × 0.9 × 0.9 × 0.9 × 0.5, அதாவது 33 விழுக்காடு. நல்லவர்களில் ஒருவனைத் தவறே செய்யாதவனாக, 0.9இலிருந்து 1.0 ஆக மாற்றினால் வாய்ப்பு 36 ஆகும். பலவீனமானவனை 0.5இலிருந்து 0.6 ஆக்கினால் 39. இத்தனைக்கும் 0.9ஐ 1.0 ஆக்குவது உலகில் யாராலும் முடியாத காரியம். 0.5ஐ 0.6 ஆக்க, சுவரில் பந்தை அடித்துப் பழகும் சில வாரங்கள் போதும்.

பலவீனமானவனை ஓரத் தற்காப்பில் ஒளித்துவைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. எதிரணி ஆசிரியருக்கும் கண் இருக்கிறது. பத்து நிமிடத்தில் அத்தனை பந்தும் அந்தப் பக்கமாகவே வரும்.

கூடைப்பந்தில் கதை வேறு. ஐந்தே பேர், சிறிய திடல், கோல்கள் ஏராளம். ஒரு நட்சத்திர ஆட்டக்காரர் பந்தை வேண்டும்போதெல்லாம் கேட்டு வாங்கலாம். காற்பந்தில் 90 நிமிடத்தில் பந்து உண்மையாக உருள்வது 55, 60 நிமிடம். அதை 22 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு இரண்டரை நிமிடம். உங்கள் சிறந்த மாணவனும் மீதி நேரமெல்லாம் பந்து இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருக்கிறான்.

பதின்மூன்று வயதில் ஏமாற்றும் உடம்பு

என் கருத்துக்கு எதிராக இருக்கும் வலுவான சான்றையும் சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று வயதுக்குட்பட்ட ஆட்டங்களில் ஒருவனை முன்னால் போட்டு, எல்லாப் பந்தையும் அவனுக்கே தூக்கி அடித்து, 6-0 என ஜெயிக்கும் குழுக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேலே போட்ட புவாசோன் கணக்கு அங்கே எடுபடாது. இரு குழுக்களும் சம பலம் என்ற அடிப்படையே அங்கு இல்லை.

ஆனால் அந்த ஒருவன் யார் என்று பாருங்கள். ஆண் பிள்ளைகள் மிக வேகமாக உயரும் பருவம் சராசரியாக 13, 14 வயதில் வருகிறது. சிலருக்கு 12இல், சிலருக்கு 15இல். நம் பள்ளிப் போட்டிகளில் பிறந்த ஆண்டை வைத்துப் பிரிக்கிறோம். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. ஏறக்குறைய ஓர் ஆண்டு மூத்த, முன்கூட்டியே வளர்ந்த ஒருவனின் உடம்பைத் திறமை என்று எண்ணிவிடுகிறோம். இந்தப் பிறந்த மாத ஏற்றத்தாழ்வு பல நாடுகளின் இளையோர் குழுக்களில் ஆராயப்பட்டு உறுதிசெய்யப்பட்ட ஒன்று. மூன்று ஆண்டு கழித்து மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள். வேகத்தை மட்டுமே நம்பி ஆடிய பையனிடம் வேறு ஆயுதம் இருக்காது. அவனுக்குப் பந்து கொடுக்க மட்டுமே பழகிய மற்ற பத்துப் பேரிடமும் இருக்காது.

இதே காரணத்தால், உயரத்தை மட்டும் பார்த்துக் கோல் காவலனைத் தேர்ந்தெடுப்பதும் சரியல்ல. முதலாம் படிவத்தில் குள்ளமாக இருப்பவன் நான்காம் படிவத்தில் கதவு நிலையில் தலை இடிப்பான். முதல் ஆண்டில் எல்லாரையும் எல்லா இடத்திலும் ஆடவிடுங்கள். முன்வரிசை ஆசைக்காரர்களையும் இரண்டு ஆட்டம் கோலில் நிற்கவையுங்கள். காவலனாக நான் தேடுவது மூன்று குணங்கள்: பந்து வரும்போது கண்ணை மூடாதவன், கத்திப் பேசக் கூச்சப்படாதவன், கோல் வாங்கிய மறு நிமிடமே அடுத்த பந்துக்குத் தயாராகிறவன். கடைசியில் சொன்னதுதான் அரிது. அது வகுப்பில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம்கூட இருக்கலாம், முன்கூட்டித் தெரியாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகன் வீட்டுக்கு வந்து "என்னைக் கோலில் போட்டுட்டாங்கப்பா" என்று முகம் வாடினால், "அப்படியா, பாவம்" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த இரண்டு சொற்கள் ஆசிரியர் ஒரு மாதம் செய்த வேலையைக் கரைத்துவிடும். அடுத்த ஆட்டத்தில் அவன் எத்தனை முறை முன்னால் வந்து கோணத்தை அடைத்தான் என்று எண்ணிச் சொல்லுங்கள். பறந்து தடுத்ததை எண்ண வேண்டாம். அதை ஊரே எண்ணும்.

ஆசிரியர்களுக்கு, செலவுக் கணக்கு. ஆண்டு தொடக்கத்தில் புறப்பாடப் பணம் கைக்கு வந்ததும் முதலில் புதிய ஜெர்சி தைக்கக் கொடுப்போம், முதுகில் எண்ணும் பெயரும் அச்சடிப்போம். கோல் காவலரின் கையுறையோ மூன்று தலைமுறை மாணவர்கள் போட்டுக் கிழிந்த ஒரு ஜோடியாக இருக்கும், அதுவும் பெரிய அளவு. நம் ஊரில் மாலை நான்கு மணிக்கு மழை வரும்; நனைந்த பந்து வழுக்கும்; பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கை அந்தக் கையுறைக்குள் ஆடும். இந்த ஆண்டு ஜெர்சி பழையதே இருக்கட்டும். சிறிய அளவில் ஒன்று, நடுத்தர அளவில் ஒன்று என இரண்டு ஜோடி கையுறை வாங்குங்கள். பயிற்சியின் முதல் அரை மணி நேரத்தை, கயிற்றையும் கையில் எடுத்துக்கொண்டு, கோல் கம்பத்தின் அருகில் செலவழியுங்கள். மற்றவர்கள் அதுவரை சுவரில் பந்து அடித்துக்கொண்டிருக்கலாம்.